பெருந்தொற்று வந்தால் லீவு, சம்பளம், இ.எஸ்.ஐ., பி.எஃப்.: எதை முதலில் கேட்பது?

காய்ச்சல் வந்ததும் இருக்கிற லீவையெல்லாம் எழுதிக் கொடுப்பது, லீவு தீர்ந்ததும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தில் கை வைப்பது, எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நினைவு வருவது. 2020, 2021 கொரோனா அலைகளில் தனியார் துறைத் தொழிலாளர்கள் பலர் போன பாதை இது. வரிசை தலைகீழ். இ.எஸ்.ஐ. பணம் வேலை செய்யும் காலத்திலேயே சந்தா கட்டி வாங்கிய உரிமை. லீவு சேமிப்பு மாதிரி, பி.எஃப். முதுமைக்கு வைத்தது. முதலில் கேட்க வேண்டியது இ.எஸ்.ஐ., அடுத்து லீவு, கடைசியில்தான் பி.எஃப்.

தமிழ்நாட்டில் ஆலை, கடை, அலுவலகங்களில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்காக, கொரோனா காலத்தில் நடைமுறையில் இருந்ததையும் இன்றைய விதிகளையும் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டங்களின் பெயர் மாறினாலும், கீழே சொல்லும் உரிமைகளில் பெரும்பாலானவை அவற்றிலும் தொடர்கின்றன. மாறியவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள்

மாதச் சம்பளம் ரூ.21,000 வரை இருந்தால் (மாற்றுத்திறனாளிக்கு ரூ.25,000) நீங்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருகிறீர்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடம் பிடிக்கப்படும், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டும். சீட்டில் இந்தப் பிடித்தம் இருக்கிறதா, இ.எஸ்.ஐ. எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தம் செய்துவிட்டு நிர்வாகம் கட்டாமல் விட்டிருந்தாலும் உங்கள் உரிமை போய்விடாது. இ.எஸ்.ஐ. கழகம் உங்களுக்குப் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதை நிரூபிக்க உங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தச் சீட்டுதான், தூக்கிப் போடாதீர்கள்.

சம்பள உயர்வால் நடுவில் ரூ.21,000-ஐத் தாண்டினால் அன்றே இ.எஸ்.ஐ. நின்றுவிடாது. நடப்புச் சந்தாக் காலம் (ஆறு மாதத் தவணை) முடியும்வரை பிடித்தமும் தொடர வேண்டும், பாதுகாப்பும் தொடரும். "லிமிட் தாண்டிட்டீங்க, கார்டு செல்லாது" என்று ஹெச்.ஆர். சொன்னால், எந்த மாதத்தில் தாண்டியது என்று கேளுங்கள்.

ஒப்பந்ததாரர் மூலம் வேலை பார்ப்பவருக்கும் இதே உரிமைதான். ஒப்பந்ததாரர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால் அந்தச் சம்பளத்தைத் தரும் பொறுப்பு முதன்மை முதலாளியிடம் வந்து சேரும். இ.எஸ்.ஐ. சந்தாவும் அப்படியே. பொது முடக்கத்தில் ஒப்பந்ததாரரின் கைப்பேசி அணைந்துபோனால், நீங்கள் நிற்க வேண்டிய வாசல் ஆலையின் வாசல்.

உடம்பு சரியில்லாத முதல் நாள்

அன்று இரண்டு வேலை செய்தாக வேண்டும்: மருத்துவரிடம் சான்று வாங்குவது, நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது. சூப்பர்வைசரிடம் போனில் சொன்னது பிறகு எங்கும் எடுபடாது. பல ஆலைகளின் நிலையாணைகளில் (வேலை விதித் தொகுப்பு), லீவு முடிந்து 8 நாளுக்குள் திரும்பி வந்து விளக்கம் சொல்லாவிட்டால் வேலையில் உள்ள உரிமை போகும் என்ற விதி இருக்கிறது. தனிமைப்படுத்தலில் 14 நாள் வீட்டில் கிடந்தவரைச் 'சொல்லாமல் நின்றவர்' ஆக்கிவிட அந்த ஒரு விதி போதும்.

சான்று விஷயத்தில் தேதிதான் எல்லாம். மருத்துவர் எந்தத் தேதியிலிருந்து ஓய்வு எழுதுகிறாரோ அதிலிருந்துதான் கணக்கு தொடங்கும். நாலு நாள் மருந்துக்கடை மாத்திரையில் ஓட்டிவிட்டு ஐந்தாம் நாள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனால் அந்த நாலு நாளும் பொதுவாகப் போனதுதான்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"பெறுநர்: மேலாளர், பணியாளர் பிரிவு. நான் ____ பிரிவில் வேலை செய்கிறேன்; டோக்கன் எண் ____, இ.எஸ்.ஐ. எண் ____. ____ தேதி முதல் காய்ச்சலால் பாதிக்கப்பட்டு, ____ இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டியதில் மருத்துவர் ____ முதல் ____ வரை ஓய்வு எழுதியிருக்கிறார். சான்றின் நகல் இணைத்துள்ளேன். இந்த நாள்களுக்கு இ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணம் கோருகிறேன். முதல் இரண்டு நாளை மட்டும் என் மருத்துவ விடுப்பில் கழித்துக்கொள்ளவும். மீதி நாள்களை ஈட்டிய விடுப்பில் கழிக்க வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில். கடிதத்தை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி, முடிந்தால் வீட்டில் ஒருவரைக் கொண்டு விரைவு அஞ்சலிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணம்: கணக்கும் கண்ணியும்

சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம், அடுத்தடுத்த இரண்டு பலன் காலங்களில் மொத்தம் 91 நாள் வரை. கொரோனாவால் வேலைக்கு வராமல் இருந்தவர்களுக்கும் இதே பலன் உண்டு என்று இ.எஸ்.ஐ. கழகம் அப்போதே தெளிவுபடுத்தியது.

தகுதிக்கு 78 நாள் சந்தா வேண்டும். எந்த 78 நாள் என்பதில்தான் குழப்பம் வருகிறது. ஆண்டில் இரண்டு சந்தாக் காலங்கள்: ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒன்று, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொன்று. முதல் காலத்தில் கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் தரும். இரண்டாவதில் கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரை. இன்று கட்டுவது இன்றைக்கு உதவாது, மூன்று மாதம் தள்ளித்தான் உதவும்.

பொது முடக்கத்தின் பாதிப்பு இங்கேதான் மறைந்திருக்கிறது. சம்பளம் தரப்பட்ட நாள்தான் சந்தா நாள். ஏப்ரல் முதல் ஜூலை வரை சம்பளமே இல்லாமல் இருந்துவிட்டு ஆகஸ்ட் 1 அன்று வேலையில் சேர்ந்தவர், செப்டம்பர் இறுதிவரை ஒரு நாள் விடாமல் வந்தாலும் 61 நாள்தான் சேரும். விதிப்படி அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை அவருக்கு நோய்க்காலப் பணம் இல்லை. ஜூன் 1 அன்றே சேர்ந்தவருக்கு 122 நாள், கவலையில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் 78 நாள் நிபந்தனையைத் தளர்த்தித் தனி உத்தரவுகள் வருவதுண்டு. அதனால் நாள் குறைகிறதே என்று நீங்களே முடிவுகட்டி விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள். விண்ணப்பித்துவிட்டு, எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்.

ஒரு கணக்கு. மாதச் சம்பளம் ரூ.15,000. ஆறு மாதச் சம்பளம் ரூ.90,000, சம்பள நாள்கள் 180 என்று வையுங்கள். சராசரி தினச் சம்பளம் ரூ.500, அதில் 70 சதவீதம் ரூ.350. மருத்துவர் 17 நாள் ஓய்வு எழுதுகிறார். முதல் இரண்டு நாள் காத்திருப்பு, அவற்றுக்குப் பணம் இல்லை. மீதி 15 நாளுக்கு ரூ.5,250. ஞாயிறும் இதில் சேரும். முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் காத்திருப்பு நாள் கழிக்கப்படாது. கொரோனாவில் இது முக்கியம், வேலைக்குப் போன ஒரு வாரத்தில் மூச்சுத் திணறல் வந்து திரும்பியவர்கள் உண்டு.

இனி கண்ணி. சம்பளத்துடன் லீவு எடுத்த நாளுக்கு நோய்க்காலப் பணம் கிடையாது. ஒரு நாளுக்கு இரண்டில் ஒன்றுதான். நிர்வாகம் உங்களைக் கேட்காமலே 17 நாளையும் ஈட்டிய விடுப்பில் கழித்துவிட்டால், நல்ல எண்ணத்தில் செய்ததாகவே இருந்தாலும், இ.எஸ்.ஐ. பணம் போயிற்று. 17 நாள் லீவு எடுத்தால் ரூ.8,500 முழுச் சம்பளமாக வரும்தான். ஆனால் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அந்த 17 நாளை மறுபடி சேர்க்க 340 வேலை நாள் ஆகும். இ.எஸ்.ஐ. வழியில் போனால் ரூ.5,250-உடன் முதல் இரண்டு நாளுக்கு மருத்துவ விடுப்புச் சம்பளம் ரூ.1,000 சேர்ந்து ரூ.6,250 கைக்கு வரும், ரூ.7,500 மதிப்புள்ள 15 நாள் லீவு கணக்கில் அப்படியே இருக்கும். ஆண்டுக் கடைசியில் காலாவதியாகப் போகும் லீவு குவிந்திருந்தால் மட்டும் லீவைச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

விண்ணப்பம் நடக்கும் விதம்: சான்று தருவது மாநில அரசு நடத்தும் இ.எஸ்.ஐ. மருந்தகம் அல்லது மருத்துவமனை. பணம் தருவது மத்திய கழகத்தின் கிளை அலுவலகம். இரண்டும் வேறு வேறு. மருந்தகத்தில் பணம் கேட்டு நிற்பதும், கிளையில் சான்று கேட்டு நிற்பதும் வீண் அலைச்சல். முதல் சான்று, இடைச் சான்று, வேலைக்குத் தகுதி என்று முடிக்கும் இறுதிச் சான்று மூன்றும் படிவம் 7-இல் வரும். இடைச் சான்று சாதாரணமாக 7 நாளுக்கு ஒருமுறை. நீண்ட நோய்க்கு 4 வாரம் வரை ஒரே சான்றாக, படிவம் 8-இல் தருவார்கள். பணம் கோருவது படிவம் 9. வங்கிக் கணக்கு எண் இ.எஸ்.ஐ. பதிவில் சரியாக இருந்தால் பணம் நேரே கணக்குக்கு வரும்.

பணம் நிற்பதற்கான வழக்கமான காரணங்கள்: இரண்டு சான்றுகளுக்கு நடுவே ஒரு நாள் விடுபட்டிருப்பது, ஆதார், வங்கி, இ.எஸ்.ஐ. மூன்றிலும் பெயர் ஒத்துப்போகாதது. இறுதிச் சான்று வாங்காமலே வேலைக்குப் போய்விடுவது. தனியார் மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சுருக்கம், பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் 'மாற்றுச் சான்று' என்று கொடுக்கலாம். கழகத்தின் மருத்துவர் பார்த்து ஏற்க வேண்டும், தாமதமாகும், ஆனால் கதவு மூடவில்லை. பெருந்தொற்றில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையே கொரோனா மருத்துவமனையாகிவிடும் (கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனை அப்படித்தான் ஆனது). அப்போது சர்க்கரை, இதய நோய்க்கு வழக்கமாக வருபவர்களுக்கு எங்கே ஏற்பாடு என்பதை மருந்தகத்தில் கேட்டு, பரிந்துரைச் சீட்டோடு போங்கள்.

நோயே இல்லாமல், தொற்றாளரோடு பழகியதால் தனிமையில் இருப்பவர் நிலைமை கொஞ்சம் சிக்கல். மருத்துவக் காரணத்தால் வேலையை விட்டு விலகியிருக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தந்தால்தான் இ.எஸ்.ஐ. பக்கம் போக முடியும். எழுதித் தராவிட்டால் அது லீவுக் கணக்கு. தெருவை அடைத்த தகரத்தின் படம் சான்றாகாது. உள்ளாட்சி ஒட்டும் தனிமைப்படுத்தல் அறிவிப்பை தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள், சம்பளமில்லா நாளாக்கும்போது பேச அது உதவும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நோய்க்காலப் பணம் வாங்கும் நாள்களில் தொழிலாளியை நீக்கவோ, பதவி இறக்கவோ, தண்டிக்கவோ கூடாது என்பது பழைய 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு. அந்த நாள்களில் கொடுத்த நீக்க நோட்டீஸ் செல்லாது. சான்று கையில் இருப்பதற்கு 70 சதவீதப் பணத்தைவிடப் பெரிய பயன் இதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

லீவு எவ்வளவு இருக்கிறது?

கடை, அலுவலகங்களில் வேலை பார்ப்பவருக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 ஆண்டுக்கு 12 நாள் மருத்துவ விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, ஓராண்டு முடித்தவருக்கு 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு தருகிறது. ரூ.21,000-க்கு மேல் வாங்கி இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு இதுவும் கம்பெனியின் குழுக் காப்பீடும்தான் அரண்.

ஆலைகளில் 20 நாளுக்கு ஒரு நாள் ஈட்டிய விடுப்பு. பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் ஆண்டில் 240 நாள் வேலை செய்தால்தான் தகுதி. புதிய தொகுப்பில் அது 180 ஆகக் குறைந்தது. லே-ஆஃப் நாள்கள் (வேலை தர முடியாமல் நிர்வாகம் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் நாள்கள்) இந்தத் தகுதிக் கணக்கில் சேரும், ஆனால் அந்த நாள்களுக்கு லீவு ஊறாது. 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். நீங்கள் எழுதிக் கேட்டு நிர்வாகம் மறுத்த லீவுக்கு அந்த 30 நாள் வரம்பு கிடையாது. அதனால் 'ஆள் பற்றாக்குறை, இப்போது லீவு இல்லை' என்று வாயால் சொன்னால் விட்டுவிடாமல், கேட்டதையும் மறுத்ததையும் எழுத்தில் வாங்குங்கள்.

முடக்க நாள்களை ஈட்டிய விடுப்பில் கழித்துவிடுவது நிர்வாகங்கள் விரும்பும் வழி. ஆலையை மூடிவைத்தது அவர்களோ அரசோ. நீங்கள் லீவு கேட்கவில்லை. சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுப் பாதி லீவு, பாதி சம்பளம் என்று பிரித்துக்கொண்டால் அது இருதரப்புக்கும் நியாயமாக முடியலாம். ஒப்பந்தமே இல்லாமல் கழித்திருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு வேறு கணக்கு. பெற்றோருக்கோ தன்னை நம்பியிருக்கும் குடும்பத்தினருக்கோ தொற்று உறுதியானால் 15 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு என்று 2021 ஜூனில் உத்தரவு வந்தது.

ஆலை மூடிக் கிடந்தால் சம்பளம் உண்டா?

2020 மார்ச் 25-இல் நாடு தழுவிய முடக்கம் தொடங்கியது. மார்ச் 29 அன்று மத்திய உள்துறை, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ், பிடித்தமில்லாமல் முழுச் சம்பளம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. மே 18 முதல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் தொடுத்த ஃபிகஸ் பாக்ஸ் வழக்கில் ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளிகள்மீது கட்டாய நடவடிக்கை கூடாது, இருதரப்பும் பேசி முடிக்கலாம் என்றது. ஆக, 'அரசு சொன்னது, முழுச் சம்பளம் வரும்' என்ற நம்பிக்கை சுமார் 50 நாளில் தள்ளாடிவிட்டது. அடுத்த முறையும் இப்படி ஒரு உத்தரவு வந்தால், அதில் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் என்ன என்று முதலில் பாருங்கள்.

உத்தரவு இல்லாத நாள்களில் துணைக்கு வருவது லே-ஆஃப் இழப்பீடு. 50 பேருக்குக் குறையாத ஆலையில், ஓராண்டு தொடர்ச்சியாக (240 நாள்) வேலை செய்தவருக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அதில் பாதி. அடிப்படையும் பஞ்சப்படியும் ரூ.12,000 என்றால் மாதம் ரூ.6,000. வீட்டு வாடகைப்படி போன்றவை இதில் சேராது. தினமும் வாசலில் ஆஜராகச் சொன்னால் ஆஜராக வேண்டும், வராதவருக்கு இழப்பீடு இல்லை. முடக்கத்தில் பஸ்ஸே ஓடவில்லையே என்றால், வர முடியாத காரணத்தை அன்றன்றே செய்தியாக அனுப்பிவையுங்கள். 50 பேருக்குக் குறைந்த பட்டறையில் இந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை, அங்கே பேச்சுவார்த்தைதான்.

சம்பளக் குறைப்பு வேறு, ஒத்திவைப்பு வேறு. 'மூன்று மாதம் 30 சதவீதம் குறைத்துத் தருகிறோம்' என்று சுற்றறிக்கை வந்தால், குறைத்த பணம் திரும்ப வருமா, எப்போது என்று ஒரே கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதே ஆவணம். தொழிலாளர் வகையினருக்குச் சம்பளம், பி.எஃப். பங்கு, லீவு முறை இவற்றை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பழைய சட்டத்தில் 9-ஏ பிரிவு என்று சங்கக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

மறுபக்கம், ஆள் குறைந்ததால் 12 மணி நேர ஷிஃப்ட் போட்ட ஆலைகள் நிறைய. குஜராத் அரசு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தேவையில்லை என்று 2020-இல் தொழிற்சாலைகளுக்கு விலக்கு கொடுத்தது. அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஓவர்டைம் பணத்தைத் தரச் சொன்னது. பெருந்தொற்றைக் காரணம் காட்டி ஓவர்டைமை ஒற்றைச் சம்பளமாக்கும் பேச்சு வந்தால் இந்தத் தீர்ப்பை நினைவூட்டலாம்.

வேலையே போனால்

ராஜினாமா கடிதம் எழுதச் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தால் ஆட்குறைப்பு இழப்பீடு போகும்: ஒவ்வோர் ஆண்டு பணிக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அதோடு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம். புதிய தொகுப்பில் ஆட்குறைப்பான ஒவ்வொருவருக்கும் 15 நாள் சம்பளம் மறுதிறன் நிதி (நீக்கப்பட்டவர் புதுத் திறன் கற்க முதலாளி பணம் கட்டும் நிதி) வழியாக 45 நாளுக்குள் கணக்கில் வர வேண்டும். கணக்கு முடித்துத் தர வேண்டிய கெடுவும் இறுகியிருக்கிறது, வேலையிலிருந்து நின்று இரண்டு வேலை நாளுக்குள். கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்பதே பொது விதி. யாரை விட்டு யாரை எடுத்தார்கள் என்று பட்டியல் கேட்கலாம்.

இ.எஸ்.ஐ.யில் இருந்தவர் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தைக் கேட்க வேண்டும். 2018-இல் 25 சதவீதமாகத் தொடங்கிய இந்த வேலையிழப்பு உதவி, 2020 மார்ச் 24-க்குப் பிந்தைய வேலையிழப்புக்குச் சராசரிச் சம்பளத்தில் 50 சதவீதமாக உயர்ந்தது. 90 நாள் வரை கிடைக்கும், வாழ்நாளில் ஒருமுறை. தளர்த்திய விதிப்படி, வேலை போவதற்கு முன் இரண்டாண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். உடனடி முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் வேண்டும். வேலை போய் 30 நாள் கழித்துக் கோரலாம், முதலாளி கையெழுத்துக்குக் காத்திராமல் நேரே கிளையில் கொடுக்கலாம். மேலே சொன்ன கணக்கில் தினம் ரூ.250, 90 நாளுக்கு ரூ.22,500. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் இது இல்லை. அதனாலும்தான், எந்தச் சொல்லை எழுதி வெளியே அனுப்புகிறார்கள் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். திட்டத்தின் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. கோரும் நாளில் நடப்பில் உள்ளதா என்பதைக் கிளையில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பி.எஃப்.: கடைசிக் கதவு

2020 மார்ச் கடைசியில் கொரோனா முன்பணம் அறிமுகமானது. மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது கணக்கில் உள்ளதில் 75 சதவீதம், எது குறைவோ அது. அடிப்படை ரூ.12,000, கணக்கில் ரூ.40,000 என்றால் ரூ.36,000-க்கும் ரூ.30,000-க்கும் நடுவே சிறியதான ரூ.30,000 கிடைத்திருக்கும். 2021 மே கடைசியில் இரண்டாம் முறையும் எடுக்க அனுமதித்தார்கள். 2024 ஜூன் 12 அன்று அந்த வசதி நிறுத்தப்பட்டது. இன்று நோய்க்கு எடுக்க வேண்டுமானால் நோய்க்கான பொது முன்பணம்தான்.

எடுக்குமுன் ஒரு கணக்கு: ரூ.30,000-ஐ 8.25 சதவீத வட்டியில் 20 ஆண்டு விட்டுவைத்தால் சுமார் ரூ.1.46 லட்சம் ஆகும். வட்டிக்கடையில் மாதம் 3 சதவீதத்துக்குக் கடன் வாங்குவதைவிட பி.எஃப். எடுப்பது நல்லதுதான். இ.எஸ்.ஐ. பணம் கிடைக்கக்கூடிய இடத்தில் அதை விட்டுவிட்டு எடுப்பதுதான் நஷ்டம்.

விண்ணப்பம் ஆன்லைனில், யூ.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணும் ஆதார் ஓ.டி.பி.யும் இருந்தால் போதும். நிராகரிப்பு வருவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால்: ஆதாரில் 'எஸ்.முருகன்', பி.எஃப்.பில் 'முருகன் எஸ்' என்று இருப்பது, பிறந்த தேதி மாறியிருப்பது, வங்கி இணைந்ததால் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு செத்துப்போனது. நிர்வாகத்தோடு சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுத்துப் பெயர் திருத்த நாள் பிடிக்கும். நோய் வருமுன்னே செய்துவைக்க வேண்டிய வேலை.

மருத்துவமனை ஊழியர்களுக்குத் தனியாக

செவிலியர், வார்டு உதவியாளர், ஆய்வகப் பணியாளர், துப்புரவுப் பணியாளர் இவர்கள் 70 சதவீதத்தோடு நின்றுவிடக் கூடாது. தொற்று ஆபத்து அதிகமான வேலையில் பிடித்த தொற்றுநோய், இ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாகவே இருக்கிறது. தொழில் காயமாக ஏற்கப்பட்டால் 90 சதவீதம் கிடைக்கும், 78 நாள் சந்தா நிபந்தனையும் இல்லை. இதற்குப் பணிப் பட்டியல்தான் சாட்சி: எந்தத் தேதியில் எந்த வார்டில் இருந்தீர்கள் என்ற டியூட்டி சார்ட்டை நோய் உறுதியான அன்றே படமெடுத்து வையுங்கள், பிறகு அது கிடைப்பது அரிது. இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இதே அட்டவணை இருந்தது.

தொழிலாளி இறந்துவிட்டால் குடும்பம் கேட்க வேண்டியவை

முதலில் இறப்புக் காரணம். மருத்துவமனை தரும் காரணச் சான்றில் கொரோனா என்று இல்லாததால் பல குடும்பங்கள் தவித்தன. உச்ச நீதிமன்றத்தின் 2021 ஜூன் 30 தீர்ப்புக்குப் பின் வந்த நெறிமுறைப்படி, பரிசோதனையில் தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் நேர்ந்த இறப்பு, மருத்துவமனைக்கு வெளியே நேர்ந்தாலும், கொரோனா இறப்பாகக் கணக்காகும். திருத்தத்துக்கு மாவட்டக் குழுவிடம் போக வேண்டும். பரிசோதனை முடிவின் காகிதம் இல்லாமல் இது நகராது.

அடுத்து பி.எஃப்.போடு வரும் காப்பீடு. தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை, முதலாளி கட்டுவது. அதனாலேயே பலருக்கு இது இருப்பதே தெரியாது. உச்சம் ரூ.7 லட்சம், ஓராண்டு தொடர் பணி இருந்தால் குறைந்தது ரூ.2.5 லட்சம் என்று 2021 ஏப்ரலில் உயர்த்தினார்கள். சராசரி மாதச் சம்பளம் (ரூ.15,000 வரை) பெருக்கல் 35, அதோடு பி.எஃப். சராசரி இருப்பில் பாதி (ரூ.1.75 லட்சம் வரை). இதற்குப் படிவம் 5-ஐ.எஃப்., பி.எஃப். இருப்புக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்கு 10-டி. மனைவிக்கு ஓய்வூதியம் வர, பணியிலிருக்கும்போது ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தாலே போதும். இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியாக உண்டு.

வாரிசு நியமனத்தில் (நாமினி) ஒரு சிக்கல் அடிக்கடி வெடிக்கிறது. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரையோ தம்பி பெயரையோ பி.எஃப்.பில் எழுதியிருந்தால், கல்யாணமானதும் அந்த நியமனம் செல்லாது. புதிதாக எழுதவில்லை என்றால் மாமியாரும் மருமகளும் அலுவலக வாசலில் எதிரெதிரே நிற்க நேரிடும். ஆன்லைனில் புதிய நியமனம் பதிவுசெய்யக் கால் மணி நேரம் போதும்.

கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஐந்தாண்டு பணி வேண்டும் என்ற விதி இறப்புக்குப் பொருந்தாது. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்குங்கள். இ.எஸ்.ஐ.யின் கொரோனா நிவாரணத் திட்டத்தில், நிபந்தனைகளைப் பூர்த்திசெய்தவரின் குடும்பத்துக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம், குறைந்தது ரூ.1,800 என்று வைத்திருந்தார்கள். முதலாளி கொடுத்த கருணைத் தொகைக்கு, இறந்து 12 மாதத்துக்குள் வந்திருந்தால், வருமான வரி இல்லை. மற்றவர்கள் கொடுத்ததற்கு ரூ.10 லட்சம் வரை விலக்கு.

எங்கே முறையிடுவது, எத்தனை நாளுக்குள்

இ.எஸ்.ஐ. பணத்துக்குக் கிளை மேலாளரிடம் எழுத்து மனு. பலன் தரவேண்டிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கோரிவிடுங்கள். சம்பளப் பாக்கிக்குப் புதிய தொகுப்பில் மூன்றாண்டு கெடு, தனிப்பட்ட பணிநீக்கத் தகராறுக்கு இரண்டாண்டு. இரண்டும் தொழிலாளர் துறையிடம் தொடங்கும். பி.எஃப். புகாரை ஆன்லைனில் பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்துவைத்து, பதில் திருப்தியில்லை என்றால் அதே எண்ணைக் காட்டி மண்டல அலுவலகத்துக்குப் போகலாம். மனு எதுவானாலும் சம்பளச் சீட்டு, மருத்துவச் சான்று, நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகல், அஞ்சல் ரசீது நான்கும் தேதி வரிசையில் பின்னால் இருக்கட்டும்.